நகத்தின் நுனிவரை

கொடைக்கானல் ஊரைத் தாண்டி, டால்பின் நோஸ் என்று பிரயாணிகள் அழைக்கும் பாறைக்குச் செல்லும் வழியில், பாம்பார் சோலையின் ஈரத்தையும் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனியையும் நாள் முழுவதும் வாங்கிக்கொண்டு மலைச்சரிவில் அமைந்திருக்கும் வட்டக்கானல் என்னும் சிற்றூரில், மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலே குழாயடியில் பாத்திரம் துலக்க உட்காரும் பெண்களின் கைகளைக் கவனித்தவர்களுக்கு, நகம் எத்தனை எளிதில் உடையக்கூடிய வஸ்து என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எலும்பைத் தொடும் குளிர்ந்த தண்ணீரும், சோப்புத் தூளின் காரமும், அதன்பின் அடுப்பங்கரையின் வெப்பமும், பகலில் வீசும் வறண்ட காற்றும் மாறிமாறிப் படுவதால், நகத்தின் நுனி ஏடு ஏடாகப் பிரிந்து, சேலை நூலில் மாட்டி, சில சமயம் சதை வரையில் பிளந்துபோகிறது. பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலைக் கிராமங்களில், 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைத் தோண்டி, மண் உதறி, தாள் அறுத்து, பல் பிரிக்கிற பெண்களுக்கோ நகம் முழுசாக இருப்பதே அபூர்வம்.

அதே வட்டக்கானலின் குறுகிய வீதியில், தேநீர்க்கடைப் பலகைகளில், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்த யுவதிகளும், தங்கள் நாட்டின் கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டு மனம் ஆற வந்திருக்கும் இஸ்ரேல் தேசத்து இளைஞர்களும் அமர்ந்திருப்பார்கள். இவர்கள் வருகையால்தான் இந்தச் சிற்றூருக்குச் ‘சின்ன இஸ்ரேல்’ என்ற செல்லப்பெயரே ஏற்பட்டது. நகரத்துப் பெண்களில் சிலருடைய விரல்களில் நீண்டு, வளைந்து, பளபளக்கும் செயற்கை நகங்கள் ஒட்டப்பட்டிருக்கும். தேநீர்க் குவளையை நீட்டும் கையும் அதை வாங்கிக்கொள்ளும் கையும் ஒரு கணம் அருகருகே வரும்போது, ஒன்றில் உழைப்பினால் தேய்ந்து உடைந்த நகமும், மற்றொன்றில் விலை கொடுத்து வாங்கிய நகமும் தென்படுகின்றன. இந்த இரண்டையும் முன்வைத்து நம்முடைய சமயங்களும் தத்துவங்களும் என்ன சொல்லும் என்று ஆராய்வது அற்ப விஷயத்தை ஆராய்வதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நகம் நான்தானா அல்லது என்னுடைய உடைமையா, அதைப் பேணுவது தேகாபிமானமா அல்லது கடமையா, இல்லாத நகத்தை இருப்பதுபோல் அணிவது பொய்யா அல்லது வளையல் அணிவது போன்ற அலங்காரமா என்னும் கேள்விகள், உடம்புக்கும் ஆத்மாவுக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்ற பழைய கேள்வியின் விளிம்பிலே பிறந்தவை.

முதலில் நகத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நகத் தகட்டில் உயிர் இல்லை. கெரட்டின் என்னும் புரதத்தால் இறுகி, அடுக்கடுக்காகப் படிந்துபோன செத்த அணுக்களின் தொகுதியே அது. ஆனால் தோலின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் அதன் வேர்ப்பகுதி பூரண உயிருள்ளது. அங்கே ஓயாமல் பிறக்கும் அணுக்கள் முன்னோக்கித் தள்ளப்பட்டு, தள்ளப்படும்போதே உயிர் நீங்கி, கெட்டிப்பட்டு வெளியே வருகின்றன. கைவிரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து நுனிவரை ஒரு நகம் புதிதாவதற்கு ஏறத்தாழ 6 மாதமும், கால் பெருவிரலில் 12 முதல் 18 மாதமும் ஆகின்றன. ஆகவே இன்று நாம் வெட்டி எறியும் நுனி, அரை வருஷத்துக்கு முன்பு நாம் உண்ட உணவிலிருந்தும் அப்போது நம் உடம்பில் ஓடிய இரத்தத்திலிருந்தும் உண்டானது. தண்ணீரில் ஊறும்போது நகத்தின் அடுக்குகள் உப்புகின்றன, காயும்போது சுருங்குகின்றன. இப்படி ஒரு நாளில் பலமுறை நடந்தால் அடுக்குகளின் பிடிப்புத் தளர்ந்து ஏடு பிரிகிறது. வயது ஏறினாலும், தைராய்டு சுரப்பி குன்றினாலும் நகம் வலுவிழக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் அது மெலிந்து கரண்டியைப் போல் குழிந்தும் போவதுண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுவதை நினைக்கும்போது, உடைந்த நகத்தைக் கண்டு அழகைப் பற்றி மட்டுமே பேசுவது எவ்வளவு பெரிய அசட்டை என்பது விளங்கும்.

உயிருள்ளதா, உயிரற்றதா என்று ஒரே சொல்லில் விடை கூற முடியாத இந்த நகத்தின் நிலையை நம்முடைய புராணிகர்கள் நன்றாகவே கண்டிருக்கிறார்கள். ஹிரண்யகசிபு தான் வேண்டிக்கொண்ட வரத்தில் உள்ளும் புறமும், பகலும் இரவும், மனிதனும் மிருகமும், ஆயுதமும், உயிருள்ளதும் உயிரற்றதும் ஆகிய எல்லாவற்றையும் விலக்கிவிட்டதாக எண்ணி மகிழ்ந்தான்; நரசிம்ம மூர்த்தியோ அந்திப் பொழுதில், வாயிற்படியில், மடியிலே கிடத்தி, நகத்தினாலேயே அவன் மார்பைப் பிளந்தார். குழந்தைகளுக்குச் சாமர்த்தியக் கதையாகச் சொல்லப்படும் இந்த வரலாற்றில் பெரியவர்கள் சிந்திக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. உலகத்தை ஜடம், சேதனம் என்று இரண்டு கூடைகளில் பிரித்துப் போட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பியவன், தன் கை விரல்களில் பத்து இடங்களில் அந்தப் பிரிவு தகர்ந்துகிடப்பதைக் காணத் தவறினான்.

பிருஹதாரண்யக உபநிஷத்து இதைவிட ஆழமாகச் செல்கிறது. சிருஷ்டியைப் பற்றிக் கூறுமிடத்தில், ஆத்மா இந்தச் சரீரத்துக்குள் நகங்களின் நுனிவரையில் புகுந்திருக்கிறது என்று அந்த உபநிஷத்தின் ரிஷி சொல்கிறார். உறைக்குள் இருக்கும் சவரக்கத்தியை அவர் அதற்கு உவமையாகக் காட்டுகிறார். சங்கர பகவத்பாதரும் தமது பாஷ்யத்தில், சைதன்யம் நகநுனியை எல்லையாகக் கொண்டு உணரப்படுகிறது என்று விளக்குகிறார். வெட்டினால் வலிக்காத நகத்தில் சைதன்யம் எப்படி உணரப்படும் என்று ஒருவர் கேட்கக்கூடும். அதற்கு விடை நம்முடைய அன்றாட அனுபவத்திலேயே இருக்கிறது. கீழே விழுந்த ஊசியை நகநுனியால் நெம்பி எடுக்கும்போது ஊசியின் மெல்லிய உடம்பை நாம் உணர்கிறோம். பூண்டுப் பல்லின் தோல் எங்கே பிரிகிறது என்பதை நகமே நமக்குத் தெரிவிக்கிறது. நகத் தகட்டுக்கு உணர்ச்சி இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் அதன் அடியில் நரம்புகள் நெருங்கிய சதை இருக்கிறது; தகட்டின்மேல் படும் மிகச் சிறிய அழுத்தத்தையும் அது அறிந்துகொள்ளும். உயிரற்ற ஒன்றின் வழியாக உயிர் வெளியுலகத்தைத் தொடுகிறது. உபநிஷத்து எல்லைக்கோட்டை விரல் நுனியில் போடாமல் ஒரு சிறிது தள்ளி, நகநுனியில் போட்டதற்கு இதைவிடப் பொருத்தமான காரணத்தை நான் அறியேன்.

சாந்தோக்ய உபநிஷத்தில் வரும், தேவர் தலைவன் இந்திரன், அசுரர் தலைவன் விரோசனன் ஆகியோரின் கதை செயற்கை நகத்தைப் பற்றிய நம் விசாரணைக்கு நேராகவே வந்து சேர்கிறது. ஆத்மாவை அறிய விரும்பி 32 வருஷம் பிரம்மசரியம் காத்த அவ்விருவரையும் பிரஜாபதி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தங்களைப் பார்க்கச் சொல்கிறார். உரோமம் வரையில், நகம் வரையில் எங்களை அப்படியே காண்கிறோம் என்று இருவரும் பதில் சொல்கிறார்கள். பிறகு, நன்றாக அலங்கரித்துக்கொண்டு, நல்ல வஸ்திரம் உடுத்து, மறுபடியும் பாருங்கள் என்கிறார். அலங்காரம் செய்துகொள்ளும்படி சொன்னவர் அந்தப் பரம குருவே என்பதை, அலங்காரத்தையே பாவமென்று பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்த இடத்தில் சங்கரர் உரோமத்தையும் நகத்தையும் களைந்துகொண்டு நிற்பதையும் சேர்த்துக்கொள்கிறார். முதல் முறை தண்ணீரில் கண்ட நகம் இரண்டாம் முறை இல்லை. முதல் முறை இல்லாத ஆபரணம் இரண்டாம் முறை இருக்கிறது. வருவதும் போவதுமாகிய இவை ‘நான்’ ஆக முடியுமா என்று சீடர்கள் தாமாகவே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது குருவின் கருத்து. விரோசனன் கேட்டுக்கொள்ளவில்லை. உடம்பே ஆத்மா என்று நிச்சயித்துத் திருப்தியோடு திரும்பினான். இந்திரனோ பாதி வழியில் சந்தேகப்பட்டுத் திரும்பி வந்தான்.

இந்தக் கதையை ஒப்புக்கொண்டால் ஒரு முடிவையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒட்டிய நகம் நான் அல்ல என்று சொல்லி ஒருத்தியைக் கண்டிக்க வேதாந்திக்கு அதிகாரம் இல்லை. முளைத்த நகமும் அவர் மதத்தில் ‘நான்’ அல்லவே! இயற்கை நகம் மெய், செயற்கை நகம் பொய் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், உடம்பிலேயே ஒரு பகுதியைச் சத்தியத்தின் இருப்பிடமாகக் கருதும் விரோசன மதத்துக்குத்தான் அது நம்மைக் கொண்டுசேர்க்கும். ஆகையால் செயற்கை நகத்தைப் பற்றி ஏதேனும் ஆட்சேபம் உண்டானால் அது வேறு அடிப்படையில் எழ வேண்டும்.

அந்த அடிப்படையைத் தேடும்போது மனுஸ்மிருதியில் ஒரு விசித்திரமான வேறுபாடு கண்ணில் படுகிறது. வனத்தில் வாழும் வானப்பிரஸ்தன் சடையையும் தாடியையும் நகத்தையும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், எல்லாவற்றையும் துறந்த சந்நியாசி கேசம், நகம், தாடி ஆகியவற்றைக் களைந்திருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. அதிகமாகத் துறந்தவனே உடம்பை அதிகமாகத் திருத்திக்கொள்கிறான்! வானப்பிரஸ்தன் மனித சகவாசத்தை விட்டுக் காட்டுக்குப் போகிறவன்; சந்நியாசியோ வீடு வீடாகப் பிக்ஷை ஏற்று மனிதர்களிடையே நடமாட வேண்டியவன். பிறர் கையிலிருந்து அன்னம் வாங்கும் கை சுத்தமாக இருந்தாக வேண்டும் என்பதே இதன் கருத்து என்று நான் கொள்கிறேன்.

பௌத்த சங்கத்தில் துறவு ஏற்க வருகிறவனுக்கு முதன்முதலாகத் தியானிக்கக் கொடுக்கப்படும் ஐந்து பொருள்களில், தலைமயிர், உடல்மயிர், பல், தோல் ஆகியவற்றோடு நகமும் ஒன்று. மனிதன் பிறர் உடம்பைக் கண்டு மயங்குவது இந்த ஐந்தையும் கண்டுதான் என்பதால், மயக்கத்தின் வாசலிலேயே தியானத்தையும் உட்கார வைத்தார்கள். புத்தர் பிரான் நகநுனியில் சிறிது மண்ணை எடுத்துக்காட்டி, இது அதிகமா இந்தப் பூமி அதிகமா என்று பிக்ஷுக்களைக் கேட்டு, மானிடப் பிறவியின் அருமையை உணர்த்தியதாகச் சம்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. வட்டக்கானலிலிருந்து மலை இறங்கும் வழியில் பெருமாள்மலையில், ஏசு சபைத் துறவியான ஆமா சாமி அவர்கள் 1996-ஆம் ஆண்டில் நிறுவிய போதி ஜென்டோ என்னும் ஜென் தியான மடம் இருக்கிறது. அந்த ஜென் மரபின் மகாபுருஷர்களில் ஒருவரான டோகென் என்ற ஜப்பானியத் துறவி, 1239-இல் இயற்றிய ஓர் உபதேசத்தை முழுவதும் உடம்பைச் சுத்தி செய்வதற்கென்றே ஒதுக்கி, பத்து விரல்களின் நகங்களையும் வெட்ட வேண்டியதன் அவசியத்தை வற்புறுத்துகிறார். சீன தேசத்தில் தாம் கண்ட துறவிகளில் சிலர் அங்குலக் கணக்கில் நகம் வளர்த்திருந்ததை அவர் மிகக் கடுமையாகவே கண்டிக்கிறார். அழுக்கைப் போக்குவது மட்டும் அவருடைய நோக்கமாக இருந்திருந்தால் அத்தனை வேகம் அந்த எழுத்தில் இராது. நகத்தை வெட்டும் செயலே, முழு மனத்தோடு செய்யப்படும்போது, புத்தரின் நடைமுறையாக ஆகிறது என்பது அவருடைய சித்தாந்தம்.

தண்ணீரைக் கொண்டு பரிசுத்தம் செய்துகொள்ளும் சமயங்களில் இந்த விஷயம் இன்னும் கூர்மை அடைகிறது. இஸ்லாத்தில் நகம் வெட்டுவது மனித சுபாவத்துக்கே உரிய நற்செயல்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. 40 நாளுக்கு மேல் அதைத் தள்ளிப்போடலாகாது என்றும் ஹதீஸ் உண்டு. தொழுகைக்கு முன் ஒளு என்னும் அங்கசுத்தி செய்யும்போது தண்ணீர் நகத்தின்மேல் பட்டாக வேண்டும். ஆகவே நகப்பூச்சும் ஒட்டு நகமும் இருந்தால் அந்த ஒளு நிறைவேறாது என்று மார்க்க அறிஞர்கள் சொல்லுகிறார்கள். மருதாணியை மட்டும் எவரும் தடுப்பதில்லை. மருதாணியின் நிறம் நகத்தின் புரதத்திலேயே கலந்து ஊறி, நகத்தோடு வளர்ந்து, நகத்தோடு வெட்டுப்பட்டுப் போகிறதே தவிர, நகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு திரையாக நிற்பதில்லை. வட்டக்கானலுக்கு வரும் யூத இளைஞர்களின் முன்னோர் மரபிலும் இதே சூக்ஷ்மம் காணப்படுகிறது. சடங்கு ஸ்நானத்துக்காகத் தீர்த்தத்தில் மூழ்கும் யூதப் பெண், உடம்புக்கும் ஜலத்துக்கும் இடையில் எதுவும் குறுக்கிடாதபடி நகங்களை ஒட்ட வெட்டி, பூச்சுகளைக் களைந்துவிட்டே இறங்க வேண்டும். வெட்டிய நகத்தைக் கண்ட இடத்தில் எறிபவன் துஷ்டன், புதைப்பவன் நல்லவன் என்று அவர்களுடைய சமய நூலான தால்மூது கூறுகிறது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளிலும் விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டலாகாது, வெட்டிய நகம் வீட்டுக்குள் கிடக்கலாகாது என்று நம்முடைய பாட்டிமார் விதித்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இன்னும் அழகான ஓர் ஐதிகமும் அவர்களிடம் உண்டு. ஆதி மனிதனான ஆதாமின் உடம்பு முழுவதும் நகத்தாலாகிய ஒளி பொருந்திய தோலால் மூடப்பட்டிருந்ததாம். அவன் கட்டளையை மீறியபோது அந்த ஆடை கழன்று, விரல் நுனிகளில் மட்டும் நகமாக எஞ்சியதாம். சப்பாத்து என்னும் ஓய்வுநாள் முடியும் சனிக்கிழமை இரவில் மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் விரல் நகங்களைப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இந்த ஐதிகத்தையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு காலங்களில் எழுந்த இந்த நியமங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. அலங்காரத்தைப் பற்றி இவர்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கை தொட வேண்டியதைத் தொடுகிறதா, தொடவிடாமல் ஏதேனும் நடுவில் நிற்கிறதா என்பதே இவர்களுடைய கவலை. தண்ணீர், மண், அன்னம், பிறர் உடம்பு ஆகிய இவற்றோடு கைக்கு உள்ள உறவு தடைபடுமானால், அந்தத் தடை பொன்னாலானாலும் அவர்களுக்குச் சம்மதமில்லை. வைத்திய சாஸ்திரமும் இதே நெறியில் நிற்கிறது. வைத்தியன் நகத்தையும் மயிரையும் குறுக வைத்திருக்க வேண்டும் என்று சுச்ருதர் விதித்தார். எல்லாருமே பக்ஷத்துக்கு மூன்று முறை நகம் களைய வேண்டும் என்று சரகர் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட கைச்சுத்த நெறிமுறைகளில், நோயாளிகளைத் தொடுகிற பணியாளர் செயற்கை நகம் அணியலாகாது என்றும், இயற்கை நகமும் அரை சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்றும் கூறப்பட்டிருக்கிறது. கையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஒட்டு நகத்தின் அடியிலும் ஓரத்திலும் கிருமிகள் தங்கிவிடுகின்றன. தவிரவும், நகம் ஒரு சாளரம். வெளுத்த நகத்தில் இரத்தக் குறைவையும், நீலம் பாய்ந்த நகத்தில் பிராணவாயுவின் குறைவையும் வைத்தியர் காண்கிறார். விரல் நுனி பருத்து நகம் வளைவதை நெஞ்சு நோயின் அறிகுறியாகக் கிரேக்க வைத்தியரான ஹிப்போகிராட்டஸ் காலத்திலேயே கண்டிருந்தார்கள். மூடிய நகம் இவற்றை மறைத்துவிடுகிறது.

ஒட்டு நகத்தினால் நகத்துக்கே என்ன நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பல் வைத்தியத்தில் பயன்படும் அக்ரிலிக் வகையைச் சேர்ந்த பசையையோ, புற ஊதாக்கதிர் விளக்கின்கீழ் இறுகும் ஜெல்லையோ நகத்தின்மேல் பிடிக்கச் செய்வதற்கு, முதலில் நகத்தின் மேற்பரப்பை அரத்தினால் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார்கள்; களையும்போது அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டுகிறார்கள். இரண்டு முறையும் நகம் மெலிகிறது. ஒட்டுக்கும் நகத்துக்கும் இடையே ஈரம் தேங்கினால் பச்சை நிறம் படர்கிற தொற்றும் உண்டாகிறது. அந்த ரசாயனங்கள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிப்பதால், பிற்காலத்தில் பல் அடைப்பதற்குக்கூட அது இடைஞ்சலாகலாம். நகம் உடைகிறதே என்று ஒட்டு நகம் அணிந்தவள், அதைக் களைந்தபோது நகம் முன்னைவிட மெலிந்திருக்கக் கண்டு, அந்த மெலிவை மறைப்பதற்காகவே மறுபடி ஒட்டிக்கொள்கிறாள். எப்போதாவது ஒரு விவாகத்துக்கோ பண்டிகைக்கோ அணிந்து, உரிய முறையில் களைந்துவிடுகிறவளை நான் குறை கூறமாட்டேன். என் மனத்தை வருத்துவது மறைப்பு பராமரிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான்.

அதைவிடவும் வருத்தம் தருவது, தங்கள் கைகளைப் பற்றி உழைக்கும் பெண்கள் கொள்ளும் வெட்கம். அந்நியர் முன்னால் சேலைத் தலைப்புக்குள் விரல்களை இழுத்துக்கொள்ளும் பெண்களை மலையிலும் சமவெளியிலும் எங்கும் காணலாம். காமசூத்திரம் செய்த வாத்ஸ்யாயனர், கௌட தேசத்தாரின் நகங்கள் நீண்டு கைக்கு அழகு தருபவை என்றும், தென்னாட்டாரின் நகங்கள் குறுகியவை, வேலையைத் தாங்க வல்லவை என்றும் எழுதினார். இன்பக்கலையைப் பற்றிய நூலிலும் தென்னாட்டு நகத்துக்கு அவர் கண்ட இலக்கணம் உழைப்பைத் தாங்குவது! அந்த இலக்கணத்துக்கு உரிய கைகளை உடைய ஒருத்தி, நீண்ட வழவழப்பான நகமே பெண்மை என்று விளம்பரங்கள் ஓயாமல் சொல்லக் கேட்டுத் தன் கையைத் தானே இகழ்வாளானால், அந்தக் குற்றத்தை அவள்மேல் சுமத்த எவருக்கும் நியாயமில்லை. ஆதாமின் ஒளியாடையில் எஞ்சியது அவளுடைய விரல்களிலும் இருக்கிறது. ஆத்மா அவளுடைய உடைந்த நகநுனி வரையிலும்தான் புகுந்திருக்கிறது.

ஆகையால் நகத்தைப் பேணுவதை நான் தேகாபிமானம் என்று கொள்ளவில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு கருவியைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமை அது, செலவும் அதிகமில்லை. ஸ்நானம் செய்தபின், நகம் ஊறி இளகியிருக்கும்போது குறுக வெட்டி, ஓரங்களை ஒரே திசையில் மெல்ல அரத்தால் தேய்த்துவிட வேண்டும். வேரை மூடிக் காக்கும் தோலை வெட்டவே கூடாது. வழக்கமாக அதைத்தான் முதலில் வெட்டித் தள்ளுகிறார்கள், நகச்சுத்தி வருவதற்கு அது ஒரு வாசல். இரவில் படுக்கும்முன் தேங்காயெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ நகத்திலும் நகக்கண்ணிலும் தடவி, பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் உள்ளே பருத்தியுறையும் மேலே ரப்பர் உறையுமாக அணிந்துகொண்டால், பெரும்பாலோருக்கு வேறு மருந்தே தேவைப்படாது. முருங்கைக் கீரை, பயறு, பேரீச்சம்பழம் முதலியவற்றோடு எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்கு உடம்பில் ஒட்டும். நகம் குழிந்திருந்தாலோ, மஞ்சளாகத் தடித்திருந்தாலோ, நீளவாக்கில் புதிதாக ஒரு கறுத்த கோடு தோன்றினாலோ, எண்ணெயை நம்பியிராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இத்தனை செய்தாலும் பலன் 6 மாதத்துக்குப் பிறகே நுனிக்கு வந்து சேரும். ஓர் ஒட்டு நகம் ஒரு மணி நேரத்தில் தருவதை இது அரை வருஷத்தில் தருகிறது. பலனை உடனே எதிர்பாராமல் தினந்தோறும் ஒரு சிறு காரியத்தைச் செய்துவரும் பழக்கத்தை அனுஷ்டானம் என்று நம் பெரியோர் மதித்தார்கள்; இரவில் எண்ணெய் தடவுவதும் அந்த வரிசையில் சேரத் தகுந்ததென்றே நினைக்கிறேன்.

ஒரு விலக்கும் உண்டு. புற்றுநோய் மருந்தினாலோ விபத்தினாலோ நகத்தையே இழந்தவர்கள், வைத்தியரின் சம்மதத்தோடு செயற்கை நகம் அணிவதை நான் பார்க்கும் விதமே வேறு. காயத்தின்மேல் கட்டுப் போட்டிருப்பவர் ஒளு செய்யும்போது கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை, ஈரக்கையால் அதன்மேல் தடவினால் போதும் என்று இஸ்லாமியச் சட்டம் இரக்கத்தோடு சலுகை அளிக்கிறது. உடம்பு ஊனமுற்ற இடத்தில் சமயமும் கொஞ்சம் இறங்கி வருகிறது. இழந்ததை ஈடு செய்துகொள்கிறவர் மனிதர்களிடையே மறுபடி கையை நீட்டத் துணிகிறார் என்றால், தொடுவதற்குத் தடையாக நிற்பதாக நான் மேலே கூறிய பொருளே அவர் விஷயத்தில் தொடுவதற்குத் துணை செய்கிறது.

கடைசியாக, இந்தக் கடமை நகத்தை உடையவரோடு மட்டும் நின்றுவிடுவதாக நான் கருதவில்லை. தன் நகத்துக்கு எண்ணெய் தடவிக்கொள்ளும்படி, நாள் கூலிக்குப் பாத்திரம் துலக்கும் ஒரு பெண்ணுக்கு உபதேசம் செய்துவிட்டு, தை மாதத்துக் குளிர்ந்த தண்ணீரிலேயே அவளை நாலு மணி நேரம் உட்கார வைத்திருப்பது நியாயமாகாது. கொடைக்கானலிலும் வட்டக்கானலிலும் தங்கும் விடுதிகளும் உணவுச்சாலைகளும் நடத்துகிறவர்கள், விருந்தாளிகளின் ஸ்நானத்துக்கு வெந்நீர் போடுகிற அந்த அடுப்பிலேயே பாத்திரம் துலக்குகிறவளுக்கும் இளஞ்சூடான தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். மாதத்துக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித் தரலாம். பூண்டு வாங்க மேல்மலைக்குப் போகும் வியாபாரிகளும், பல் பிரிக்கும் களத்தில் உட்காருகிற பெண்களுக்கு இதைச் செய்யலாம். இரும்புச்சத்து மாத்திரை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. அதை வாங்கி வருவதற்காக அந்தப் பெண்களுக்குக் கூலி பிடிக்காமல் அரை நாள் ஓய்வு தருவதும் வேலை கொடுப்பவர்கள் பொறுப்பிலேதான் இருக்கிறது.